ஆறு வாரம் யார் சமைப்பது?

கால் பெருவிரலின் பக்கவாட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் பெண் ஒருவர் வீட்டில் இருந்தால், சீக்கிரமே அங்கே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். “சின்ன ஆபரேஷன்தானே, முடித்துக்கொண்டு வந்துவிடு” என்பது ஒரு கட்சி. “காலில் கத்தி வைத்தால் நடையே போய்விடும், பேசாமல் விட்டுவிடு” என்பது இன்னொரு கட்சி. எக்ஸ்-ரே படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவரும். மைத்துனர் ஒன்று சொல்வார், வெளியூர் மாமா வேறொன்று சொல்வார். அந்தக் காலுக்குச் சொந்தக்காரரிடம் “எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, வலியால் எந்தெந்த வேலையை விட்டுவிட்டாய்?” என்று கேட்பவர் அநேகமாக இருக்க மாட்டார். அறுவை சிகிச்சை முடிந்து வரும் ஆறு வாரங்களுக்கு அந்த வீட்டில் யார் சமைப்பது என்று கேட்பவரும் இருக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் மருத்துவமனையில் தேதி வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஆங்கிலத்தில் ‘பன்யன்’ என்று சொல்லப்படும் இதை, மருத்துவர்கள் சீட்டில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று எழுதுவார்கள். புதிதாக ஓர் எலும்பு முளைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முளைத்ததைச் செதுக்கி எடுத்தால் போதும் என்ற எண்ணமும் அதிலிருந்தே வருகிறது. நடந்திருப்பது வேறு. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஓடும் நீண்ட எலும்பு உட்பக்கமாக, அதாவது மற்ற காலை நோக்கி, விலகிப்போகிறது. விரலோ எதிர்த் திசையில், அடுத்த விரலின் மேல் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் மூட்டு வெளியே தள்ளப்படுகிறது. நாம் பார்க்கும் புடைப்பு அந்த நீண்ட எலும்பின் தலைதான். நாள்பட நாள்பட விரல் சாய்வதோடு நிற்காமல் சற்றே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. நகம் மேலே பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கும். இரண்டாவது விரலுக்கு இடம் குறைந்து, அது வளைந்து மேலே ஏறும். மெட்டி போட்டிருக்கும் விரல் அதுதான். வருடக்கணக்காகக் கழற்றாத மெட்டி ஒருநாள் பக்கத்து விரலில் உரசிப் புண்ணாக்கும்போதுதான் பலர் முதன்முறையாகத் தம் பாதத்தைக் குனிந்து பார்க்கிறார்கள்.

இது அபூர்வமான கோளாறு இல்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, 18 முதல் 65 வயது வரையிலானவர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினருக்கும், 65 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களுக்கும் இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனை பேரும் அறுவை அரங்குக்குப் போக வேண்டியவர்கள் இல்லை. பெரும்பாலானோர் அந்தப் புடைப்போடு வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

காரணம் என்ன என்று கேட்டால் உடனே செருப்பைக் கைகாட்டுவார்கள். பாதி உண்மை அது. அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்தால் மகளுக்கும் வருவது சாதாரணம். பாதத்தின் அமைப்பும் மூட்டுகளின் தளர்வும் பரம்பரையாக வருபவை. குறுகலான முனை கொண்ட ஷூவை வாழ்நாளில் தொடாதவர்களுக்கும் இது வருவது அதனால்தான். ஆனால் காலணியின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. 1958இல் ஹாங்காங்கில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, ஷூ அணிகிறவர்களின் பாதங்களையும் வெறுங்காலோடு வாழ்கிறவர்களின் பாதங்களையும் ஒப்பிட்டது. முதல் கூட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் கோணல் இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இடைக்கால எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டவர்கள் இன்னும் ஆச்சரியமான ஒன்றைச் சொன்னார்கள். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட கோணல், 14, 15ஆம் நூற்றாண்டுகளில் 27 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இடையில் வந்தது கூர்முனைக் காலணி நாகரிகம். வசதி படைத்தவர்கள் புதைக்கப்பட்ட இடங்களில் இது அதிகம். கிராமத்து ஏழைகளின் கல்லறைகளில் மிகக் குறைவு. கோணல் இருந்தவர்களின் எலும்புகளில், தடுக்கி விழுந்து கைமுறிந்ததற்கான தடயங்களும் கூடுதலாக இருந்தன.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வித்தியாசமானது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களுடையதைவிட அகலமானது என்பது அதில் தெரியவந்த முக்கியமான செய்தி. நாம் இத்தனை காலம் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பதோ ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அளவுமுறையில் செய்த காலணிகள். நீளம் சரியாக இருக்கும், முன்பக்கம் இறுக்கும். இறுக்குகிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் கழலும். இந்தியப் பாதங்களுக்கென்று ‘பா’ என்ற புதிய அளவுமுறையை அந்த நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அது ஒவ்வொரு கடையின் அடுக்கிலும் இடம்பிடிக்கும்வரை, காலணி வாங்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் செருப்பை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால் அந்தச் செருப்பு உங்களுக்கானதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூவுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போவது இன்னும் நல்லது.

இனி, முடிவெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். என் சித்தி சத்துணவு மையத்தில் சமையலராக வேலை பார்த்தவர். அவரை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, கையில் எக்ஸ்-ரே இருந்தும் அந்த மருத்துவர் முதலில் அதைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். செருப்பைக் கையில் எடுத்து எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தார். பிறகு, “எங்கம்மா வலிக்குது? ஒரு விரலை வச்சுக் காட்டுங்க” என்றார். புடைப்பின் மேல் விரல் வைப்பார் என்று நாங்கள் நினைத்தோம். சித்தி பாதத்தைத் திருப்பி, இரண்டாவது விரலுக்குக் கீழே காய்த்துப்போயிருந்த இடத்தைத் தொட்டு, “இங்கதான் சார். அடுப்புகிட்ட நின்னா கூழாங்கல்லு மேல நிக்கிற மாதிரி இருக்கு” என்றார். பெருவிரல் தன் பங்குச் சுமையைத் தாங்காததால் பக்கத்து எலும்பு அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. புடைப்பை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் சித்தியின் வலி அப்படியே இருந்திருக்கும்.

வலி எங்கே என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் இருக்கிறது. புடைப்பின் மேல் செருப்பு உரசி வலிப்பது ஒரு வகை. மூட்டுக்குள்ளேயே வலித்து, விரலை மேலே மடக்க முடியாமல் இறுகிப்போயிருந்தால் அது மூட்டுத் தேய்மானம். அதற்குச் செய்யும் சிகிச்சையே வேறு. ஒரே இரவில் சிவந்து, வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறதென்றால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாக இருக்கலாம். மாத்திரையில் அடங்கும் அதற்குக் கத்தி தேவையில்லை. காலை நேரத்தில் கைவிரல் மூட்டுகளும் இறுகுகிறதென்றால் முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்-ரே எடுப்பதிலும் ஒன்றைக் கவனியுங்கள். நின்றுகொண்டு, உடம்பின் எடை பாதத்தில் இறங்கும்போது எடுத்த படமே பயன்படும். படுக்கவைத்து எடுத்த படத்தில் கோணல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அந்தப் படத்தில் பெருவிரல் சாய்ந்திருக்கும் கோணம் 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு, 40ஐத் தாண்டினால் கடுமை என்று மருத்துவர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். எந்த வகை அறுவை என்று தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு அந்த எண் வேண்டும். அறுவை வேண்டுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. 35 பாகைக் கோணலோடு வயலில் நாற்று நடுகிறவர்கள் இருக்கிறார்கள். 20 பாகையிலேயே பேருந்து நிறுத்தம்வரை நடக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

அழகுக்காக மட்டும் இந்த அறுவையைச் செய்துகொள்ளாதீர்கள் என்று அமெரிக்கப் பாத அறுவை மருத்துவர்களின் சங்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் தோற்றத்துக்காக இதைச் செய்வதில்லை. நான் இந்தப் பக்கமே நிற்கிறேன். வலிக்காத பாதத்தை வெட்டி, அதன்பின் வலிக்கும் பாதத்தோடு வீடு திரும்பும் வாய்ப்பு சிறிதென்றாலும் உண்மையானது. கல்யாணத்துக்கு முன் மகளின் காலைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அழைத்துவரும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் வளரும் வயதில் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். எலும்பின் வளர்ச்சி முடியும் முன் செய்தால் கோணல் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நாட்டியம் ஆடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முழுமண்டியில் உட்காரும்போது பெருவிரல் மூட்டு எவ்வளவு பின்னால் மடங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அறுவைக்குப் பின் அந்த மடக்கம் சற்றுக் குறையக்கூடும். மேடையில் இருக்கும்வரை, தாங்கக்கூடிய வலிதான் என்றால் தள்ளிப்போடுவதே நல்லது.

வலி இருக்கிறது, ஆனால் தாங்க முடிகிறது என்றால் சில மாதங்கள் கத்தியில்லாமல் முயன்று பார்க்கலாம். முன்பக்கம் அகலமான, மிருதுவான, குதி உயரம் குறைந்த காலணி, புடைப்பின் மேல் ஒரு மெத்து, விரலிடையில் சிலிக்கோன் துண்டு, தேவைப்பட்டால் வலி மாத்திரை ஆகியவை வலியைக் குறைக்கும். விரலை நேராக்காது. இணையத்தில் விற்கும் ‘விரல் நேராக்கும் பட்டை’களை இரவெல்லாம் கட்டிக்கொண்டு படுத்தால் கோணல் போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பி யாரும் பணத்தைத் தொலைக்க வேண்டாம். ஃபின்லாந்தில் 209 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் காலணிக்குள் வைக்கும் தனி மெத்தை, ஒரு பிரிவுக்கு எதுவும் செய்யாமல் காத்திருத்தல். ஆறு மாதத்தில் மெத்தையும் ஓரளவு பலன் தந்தது. ஓராண்டு முடிவில் அந்தப் பலன் தேய்ந்துவிட்டது. அறுவை செய்துகொண்டவர்களே வலி குறைந்து நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் அனைவரும் வலியோடு வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வலி இருப்பவருக்கு அறுவை பலன் தருகிறது. ‘காலில் கத்தியே வைக்கக் கூடாது’ கட்சிக்கு இதுதான் பதில்.

வலியை வைத்துத்தான் முடிவு என்ற இந்தக் கணக்கு ஓரிடத்தில் பொய்த்துப்போகும். அந்த இடம் நம் மாநிலத்தில் மிகப் பெரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நெடுநாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. புடைப்பின் மேல் செருப்பு வார் அறுத்துக்கொண்டே இருக்கும்; தோல் கிழிந்து, ரத்தக்கறையை மெட்டியிலோ தரையிலோ பார்க்கும்போதுதான் தெரியும். இவர்கள் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. புடைப்பின் மேல் தோல் சிவந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். அதே சமயம், அறுவையில் அதிக ஆபத்து உள்ளவர்களும் இவர்கள்தான். பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கட்டுக்குள் இருக்கிறதா, உணர்ச்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்காமல் தேதி கொடுக்கும் மருத்துவமனையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பீடி, சிகரெட், புகையிலை போடுகிறவர்களும் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; வெட்டிய எலும்பு ஒட்டத் தாமதமாகிறது.

அறுவை அரங்கில் நடப்பதைப் பற்றி நோயாளி தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். புடைப்பை மட்டும் செதுக்கிவிடுவது பழைய முறை, கோணல் திரும்பிவிடும். இன்று பெரும்பாலும் அந்த நீண்ட எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூவோ பிளேட்டோ வைத்து இறுக்குகிறார்கள். கோணல் குறைவென்றால் விரலுக்கு அருகில் வெட்டு. கூடுதல் என்றால் எலும்பின் நீளத்துக்கு. மிகக் கடுமை என்றாலோ அடிமூட்டு ஆட்டம் கண்டிருந்தாலோ நடுப்பாதத்தில் அந்த மூட்டையே இணைத்துவிடுகிறார்கள். பெருவிரல் மூட்டே தேய்ந்திருந்தால் அதை அசையாமல் இணைக்கிறார்கள். இதில் நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. ஆகவே, “எனக்கு எந்த முறை, ஏன்?” என்று கேட்பது நோயாளியின் உரிமை. “பெரிய தழும்பு கிடையாது, துளை போட்டே செய்துவிடுவோம், மறுவாரமே வேலைக்குப் போகலாம்” என்ற விளம்பரங்கள் இப்போது அதிகம் வருகின்றன. துளைவழி முறை நல்ல கைகளில் நல்ல முறைதான். ஆனால் துளை சிறியதென்றாலும் உள்ளே எலும்பு வெட்டப்படுகிறது. வெட்டிய எலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தோலில் உள்ள காயத்தின் அளவைப் பார்த்து எலும்பு அவசரப்படாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே அனுப்பிவிடுவார்கள். கணுக்காலில் போட்ட மரப்பு ஊசியின் தயவில் முதல் இரவு சுகமாகத் தூங்கலாம். மரப்பு விலகும்போது வலி மொத்தமாக வந்து இறங்கும். அதனால் வலி தொடங்கும் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் பாதம் நெஞ்சுக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும். படுத்தால் தலையணை அடுக்கி அதன் மேல், உட்கார்ந்தால் எதிர் நாற்காலியின் மேல். காலைத் தொங்கப்போட்டதும் ரத்தம் இறங்கி விண்விண்ணென்று தெறிக்கும். சாப்பிட, கழிப்பறைக்குப் போக என்று எழுந்திருப்பதற்கு மேல் எழக் கூடாது என்றால், உண்மையிலேயே எழக் கூடாது.

கட்டை அவிழ்த்துப் பார்க்க ஆசை வரும். அவிழ்க்கக் கூடாது. பெருவிரலைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட திசையில் இழுத்துக் கட்டியிருக்கும் அந்தத் துணிதான் விரலைப் புதிய இடத்தில் பிடித்துவைத்திருக்கிறது. குளிக்கும்போது முட்டிவரை பிளாஸ்டிக் உறை மாட்டி, காலைப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் நீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் நெருங்கும்போது தையல் பிரிப்பார்கள். அதுவரையும் அதன்பின் ஆறு வாரம் முடியும்வரையும் நடப்பதற்கென்று ஒரு தனிச் செருப்பு தருவார்கள். எடை குதிகாலில் இறங்கும், முன்பாதம் தரையில் அழுந்தாது. ஒரு பக்கம் உயரமாகிவிடுவதால் இடுப்பும் மற்ற முட்டியும் வலிக்கும்; அந்தக் காலுக்கும் அதே உயரத்தில் ஒரு செருப்பு போட்டுக்கொள்வது நல்லது. நடுப்பாத மூட்டை இணைத்தவர்களில் சிலருக்கு அந்த ஆறு வாரமும் காலை ஊன்றவே அனுமதி இருக்காது. வாக்கர் பிடித்து ஒற்றைக் காலில்தான் நகர வேண்டும். காலைச் சும்மாவே வைத்திருக்கும் காலத்தில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது ரத்தக்கட்டாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நம் வீடுகளில் இதெல்லாம் சுலபமில்லை. தரையோடு பதித்த கழிப்பறையில் குந்தி உட்கார, பெருவிரல் மூட்டு முழுதாகப் பின்னால் மடங்கியாக வேண்டும். மாதக்கணக்கில் அது முடியாது. வெஸ்டர்ன் கழிப்பறை இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்றை அறுவைக்கு முன்பே வாடகைக்கு எடுத்து வைக்க வேண்டும். படுக்கை மாடியில் இருந்தால் கீழே கொண்டுவர வேண்டும். வலதுகாலில் அறுவை என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் காரை மறந்துவிடலாம். ஸ்கூட்டரில் கியர் இல்லைதான், பிரேக்கும் கையில்தான். ஆனால் சிக்னலில் நிற்கும்போது வண்டியின் எடையைத் தாங்குவது பாதம்தானே? கோயிலுக்கு வெறுங்காலோடு போவதும் மருத்துவர் சம்மதித்த பிறகுதான்.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்-ரேயில் எலும்பு கூடுவது தெரிந்தால் அகலமான சாதாரணச் செருப்புக்கு மாறலாம். விரலை மடக்கி நீட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தபடி அன்றாடம் செய்தால்தான் மூட்டு இறுகாமல் இருக்கும். வலிக்கிறது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் பிறகு வருந்துவதைப் பார்க்கிறோம். வீக்கம் மட்டும் சீக்கிரம் போகாது. மாலையானால் பாதம் கனக்கும், பழைய செருப்பு நுழையாது. மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுவரை இது இருக்கும். தவறாக ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து வேறு மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள், இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஓடியிருக்க மாட்டார்கள்.

முடிவில் கிடைப்பது என்ன? பெரும்பாலானோருக்கு வலி குறைகிறது, நடை திரும்புகிறது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 2018இல் வெளியான ஒரு தொகுப்பில், ஏறக்குறைய பத்தில் ஒருவர் தமக்குத் திருப்தியில்லை என்று சொல்லியிருந்தார்கள். விரலின் ஓரத்தில் மரப்பு, மூட்டு இறுக்கம், வலி பக்கத்து விரலுக்கு இடம் மாறுவது, கோணல் மெல்லத் திரும்புவது, அபூர்வமாகச் சீழ் பிடிப்பது ஆகியவை அவர்களின் காரணங்களில் அடங்கும். விரல் நூல் பிடித்தாற்போல நேராகிவிடும் என்று எதிர்பார்க்கிறவர் ஏமாறுவார். கூர்முனைச் செருப்பை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவரும் ஏமாறுவார். அகலமான காலணி இனி எப்போதைக்கும்தான்.

இவ்வளவும் தெரிந்து, வலியும் தாங்க முடியாமல், ஒரு பெண் சரி என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த ஆறு வாரத்தை அவருக்கு யார் கொடுப்பது? நம் வீடுகளில் பெண்கள் அறுவை முடிந்த மூன்றாம் நாளே சமையலறையில் நிற்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். “நீ படு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒட்டாத எலும்பின் மேல் விழும் எடை ஸ்க்ரூவை நகர்த்துகிறது, வீக்கம் தையலைத் திறக்கிறது, கோணல் திரும்புகிறது. அதன் பிறகு “ஆபரேஷன் சரியில்லை” என்ற பேச்சு. என் சித்திக்கு நாள் குறித்த அந்த மருத்துவர், சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு, “ஐயா, ஆறு வாரம் உங்க வீட்ல சோறு யார் ஆக்குவாங்க?” என்று கேட்டார். சித்தப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. “பதில் தெரிஞ்சதும் வாங்க, தேதி தர்றேன்” என்றார் அவர். சித்தப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கோடையில்தான். எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்தோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் சில வாரங்களில் திரும்பலாம். நின்று செய்யும் வேலை என்றால் மூன்று மாதம்வரை ஆகலாம். துணிக்கடைப் பெண்கள், செவிலியர்கள், பெடல் தையல் இயந்திரம் மிதிக்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள்தான் இந்த வலியால் அதிகம் அவதிப்படுகிறவர்கள். மூன்று மாத விடுப்பு கிடைக்காதவர்களும் அவர்களே. ஈஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு, தேவையான சந்தா நாட்கள் இருந்தால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கிடைக்கும். தகுதியிருந்தும் இதைக் கேட்டு வாங்காதவர்கள் உண்டு. அறுவைக்கு முன்பே மருந்தகத்தில் விசாரித்து, முதல் நாளிலிருந்தே சான்றிதழ் வாங்கத் தொடங்க வேண்டும். கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. எத்தனை துணிக்கடைகளில் அந்த இருக்கை கண்ணில் படுகிறது என்பதைப் பண்டிகைக் கூட்டத்தில் நீங்களே பார்க்கலாம். அறுவை முடிந்து திரும்பும் ஒரு விற்பனைப் பெண்ணுக்கு அந்த நாற்காலி சிகிச்சையின் பகுதி. அதைப் போடாத முதலாளியிடம் தொழிலாளர் துறை கேட்டாக வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கோ ஈஎஸ்ஐயும் இல்லை, இந்தச் சட்டமும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அவர்கள் வேலை பார்க்கும் வீடுகளாகிய நாம்தான் முதலாளி. மூன்று மாதச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க நம்மில் எத்தனை பேர் தயார்?

கடைசியாக, இரண்டு காலிலும் புடைப்பு இருப்பவர்களுக்கு. “ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம், செலவு மிச்சம்” என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ஊன்றுவதற்கு ஒரு நல்ல கால் இல்லாமல் ஆறு வாரம் ஓட்டுவது, கவனித்துக்கொள்ள ஆள் நிறைந்த வீட்டில்கூடப் பெரும்பாடு. அதிகம் வலிக்கும் காலை முதலில் செய்துகொள்ளுங்கள். அது முழுதாக ஆற ஓராண்டு கொடுங்கள். அடுத்த காலுக்கு வேண்டுமா என்பதை அப்போது மைத்துனரையோ மாமாவையோ கேட்க வேண்டியிருக்காது. சித்தி தன் இடது காலை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார். அகலமான செருப்பிலேயே அது அடங்கிப்போகிறதாம்.